போட மூன்று நொடி, எடுக்க அப்பா பெயர்

2025 ஆகஸ்ட் 22 காலையில் என் சித்தி மகன் போன் செய்தான். முந்தின நாள்தான் மாநிலங்களவையில் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா நிறைவேறியிருந்தது. மக்களவையில் அதற்கும் முந்தின நாள். இரண்டு அவைகளிலும் சேர்த்து விவாதம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அதையெல்லாம் பேச அவன் கூப்பிடவில்லை.

"அக்கா, ஆப்புல பணம் போடுற பட்டனையே காணோம். உள்ள ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது ரூபா கெடக்கு. அது வருமா, வராதா?"

அவன் உணவு டெலிவரி செய்கிறவன். நான் ஒரு சிறு நகரத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். அதனால் எங்கள் காலனியில் வங்கி, பான் கார்டு, வரி என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். அன்றைக்கு அவனுக்குச் சொன்ன பதில் பாதிதான் சரி என்று பின்னால் தெரிந்தது. "பெரிய கம்பெனிங்க எல்லாம் பணத்த எடுத்துக்கலாம்னு அறிவிச்சிருக்காங்க. எடுத்துடு" என்றேன்.

எடுக்கப் போனான். பெயர் பொருந்தவில்லை என்று வந்தது.

ஆதாரில் அவன் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல். பான் கார்டு எடுத்தபோது விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்றதால் சித்தப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டோம். வங்கிக் கணக்கில் இனிஷியலும் இல்லை, அப்பா பெயரும் இல்லை. பெயருக்குப் பின்னால் சாதியைத் தூக்கி எறிந்த ஒரு நாட்டில் இது பெருமைக்குரிய சிக்கல். ஆனால் இந்தியாவின் எல்லாப் படிவங்களும் கடைசிப் பெயர் என்ற ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு நம்மை முறைக்கின்றன. மூன்று வருடமாக அந்த ஆப்பில் பணம் போட்டபோது ஒருமுறைகூட இந்தப் பெயர்ப் பொருத்தம் குறுக்கே வரவில்லை. யுபிஐ பின் நம்பர், மூன்று நொடி, பணம் உள்ளே. எடுக்கும்போது மட்டும் அவன் யார், அவன் அப்பா யார் என்று தெரிய வேண்டும்.

நம் பக்கத்தில் ஆன்லைன் சூதாட்டத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு குரல்கள்தான் அதிகம் கேட்கின்றன. ஒன்று, தனிமனித சுதந்திரம்: அவன் பணம், அவன் விருப்பம். இன்னொன்று, ஒழுக்கம்: சூது தீது, தடை செய். இரண்டு பேருமே பணம் போகும் பாதையைப் பார்ப்பதில்லை. நான் பார்த்தது அந்தப் பாதையை மட்டும்தான். அதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: இந்த நாட்டின் சட்டம் விளையாடுகிறவன் பணம் போடுவதை ஒருவிதமாகவும் எடுப்பதை வேறுவிதமாகவும் நடத்துகிறது. அந்த வேறுபாட்டில் யார் கரை ஏறுகிறார்கள், யார் மூழ்குகிறார்கள் என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் அந்தப் பட்டனின் கதை. தமிழ்நாட்டில் அது பலமுறை போய்ப் பலமுறை வந்தது. 2020 நவம்பரில் அன்றைய அதிமுக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, பட்டன் போனது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத் திருத்தத்தை ரத்து செய்தது, பட்டன் வந்தது. திமுக அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்தது. பள்ளிகளில் சாதி வன்மத்தைப் பற்றி அறிக்கை கொடுத்த அதே சந்துருதான். 2022 அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ரவி மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அந்த மாதங்களில் பட்டன் அப்படியே இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று அரசு சொன்ன காலம் அது. மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய பிறகு 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே வருடம் நவம்பர் 9 அன்று உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் அதில் வராது என்றது.

ஏன் வராது? அவை திறமை விளையாட்டுகளாம்.

இந்தத் 'திறமை' என்ற சொல்லின் முன்னால் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1968 இல் செகந்திராபாத்தில் இருந்த ஒரு பொழுதுபோக்குக் கிளப் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ரம்மியில் விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதை எறிவது என்று கணக்குப் போட வேண்டும், எனவே அது பெரும்பாலும் திறமை விளையாட்டு. அதே தீர்ப்பு, மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டம் என்றும் சொன்னது. கிளப்பில் நாற்காலி போட்டு ஆடும் ரம்மிக்கு மூளை இருக்கிறது. ஏரிக்கரையில் துண்டு விரித்து ஆடும் மூணு சீட்டுக்கும் மங்காத்தாவுக்கும் அது இல்லை. எங்கள் ஊரில் போலீஸ் துரத்திப் பிடித்ததெல்லாம் ஏரிக்கரைக்காரர்களைத்தான். என் தாத்தா ஒருமுறை அப்படி ஓடிக் காலை முறித்துக்கொண்டவர்.

1996 இல் குதிரைப் பந்தயமும் திறமையின் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974 இல் கலைஞர் ஆட்சியில் கொண்டுவந்த சட்டம் இருபது வருடத்துக்கு மேல் நீதிமன்றங்களில் கிடந்தது. கடைசியில், குதிரையின் வம்சாவளியும் பயிற்சியும் ஓட்டுபவரின் திறனும் சேர்ந்து தீர்மானிப்பது என்பதால் அது சூதாட்டம் இல்லை என்று முடிந்தது. வம்சாவளி என்பது திறமை ஆகிவிட்ட அழகைக் கவனியுங்கள். கிண்டியில் 160 ஏக்கர் நிலத்தை ஆண்டுக்கு அறுநூறு ரூபாய்ச் சொச்சம் வாடகையில் ரேஸ் கிளப் வைத்திருந்ததும், 2024 செப்டம்பரில்தான் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்ததும் தனிக் கதை.

'தகுதி, திறமை' என்ற இந்த ஜோடிச் சொற்கள் நமக்குப் பழக்கமானவை. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அவைதான் முதலில் வந்து நிற்கும். யாருக்குத் திறமை உண்டு என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்களுக்கு வசதியாக அது எப்போதும் வளைந்து கொடுக்கும். ரம்மி நிறுவனங்கள் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஐம்பது வருடப் பழைய கிளப் தீர்ப்பின் நிழலில், ஒரு நிமிடத்துக்குப் பத்து ஆட்டம் ஓடும் ஒரு தொழிற்சாலையைக் கட்டின. நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடியபோது எழுதப்பட்ட தீர்ப்பு, யார் எதிரில் இருக்கிறார்கள் என்றே தெரியாத திரைக்குப் பொருந்துமா என்ற கேள்வியை நீதிமன்றங்கள் அவ்வளவாகக் கேட்டுக்கொள்ளவில்லை. 2025 இன் ஒன்றியச் சட்டம் செய்த ஒரு நல்ல காரியம் இந்தத் திறமை வேலியை உடைத்தது. பணம் வைத்து ஆடினால் திறமையோ அதிர்ஷ்டமோ, இரண்டும் ஒன்றுதான் என்றது. ஒன்றிய அரசைப் பாராட்ட எனக்குக் கை வராது, மாநிலப் பட்டியலில் இருக்கும் ஓர் அதிகாரத்தை இரண்டு நாளில் எடுத்துக்கொண்ட விதத்துக்கு நிச்சயம் வராது. ஆனாலும் இந்த வரியை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம்.

சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தைத் தரமாட்டேன் என்று ஒருவன் சொன்னால் என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய முடியாது. 1872 இன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30: பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதில் ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போட முடியாது. சரிதானே, சூதாட்டத்துக்கு நீதிமன்றம் வசூல் ஏஜெண்டாக இருக்க முடியாதே என்று தோன்றும். அதே பிரிவைத் தொடர்ந்து படித்தால் ஒரு விதிவிலக்கு: குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவருக்குக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பரிசுக்கான சந்தா ஒப்பந்தம் மட்டும் செல்லும். 1872 இல் ஐந்நூறு ரூபாய் யாரிடம் இருந்தது? வெள்ளைக்காரத் துரையிடமும் ஜமீன்தாரிடமும் இருந்தது. அந்த விதிவிலக்கு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

ஆக, விளையாடுகிறவன் போட்ட பணத்தின் மேல் அவனுக்கு இருக்கும் பிடி மிகவும் தளர்ந்தது. ஆனால் அரசுக்கு இருக்கும் பிடி?

2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் பண விளையாட்டுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி. நிறுவனத்தின் லாபத்தின் மேல் இல்லை; நீங்கள் உள்ளே போடும் முழுத் தொகையின் மேல். வரி உட்பட நூறு ரூபாய் போட்டால் ஏறத்தாழ 22 ரூபாய் வரியாகப் போய்விடும். பல நிறுவனங்கள் அந்த 22 ரூபாயை போனஸாகத் திருப்பிப் போட்டு, வரியே இல்லாததுபோல் காட்டின. போனஸை நேராக வெளியே எடுக்க முடியாது. விளையாடித்தான் ஆக வேண்டும். வரி இருக்கிறதே என்று கை கொஞ்சம் தயங்கியிருக்கும். அந்தத் தயக்கத்தையும் துடைத்துவிட்டார்கள்.

இன்னொன்று ரொம்பப் பேருக்குத் தெரியாது. போட்ட பணத்தை விளையாடாமலேயே திரும்ப எடுத்தால்? ஜிஎஸ்டி விதி இதற்கென்றே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறது. எந்தக் காரணத்துக்காகத் திருப்பிக் கொடுத்தாலும், பயன்படுத்தாத பணமாகவே இருந்தாலும், அதை வரிக் கணக்கிலிருந்து கழிக்க முடியாது. மனம் மாறித் திரும்புகிறவனுக்கும் வரி உண்டு. திருந்துவதற்குக் கட்டணம் வாங்கும் சட்டம் இது.

2025 ஆகஸ்டில் தடை. செப்டம்பர் 22 முதல் அதே விளையாட்டுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். தடை செய்த பொருளுக்கு வரியை ஏற்றிய வேடிக்கையை நான் அலுவலகத்தில் சொன்னபோது என் பழைய முதலாளி ஆடிட்டர் சிரித்தார். "அவங்களுக்கே நம்பிக்கை இல்லம்மா" என்றார்.

அடுத்தது வருமான வரி. 2023 ஏப்ரல் முதல் ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த நிகரத் தொகையில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் வெளியே வரும். நிகரம் என்றால், அந்த நிதியாண்டில் எடுத்ததிலிருந்து போட்டதைக் கழித்தது. உங்கள் ஆண்டு வருமானம் வரிவரம்புக்குக் கீழே இருக்கிறதா, நீங்கள் டெலிவரி ஓட்டுகிறவரா என்பதெல்லாம் பொருட்டில்லை. கோடீஸ்வரனுக்கும் 30, இவனுக்கும் 30.

சித்தி மகனின் 2024–25 கணக்கை நான் உட்கார்ந்து போட்டேன். சித்தி பக்கத்தில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எண்களைச் சொல்லச் சொல்ல முறத்தில் கை ஓடவில்லை. முதல் மூன்று மாதத்தில் 6,000 போட்டிருக்கிறான். ஜூன் மாதம் ஓர் இரவு ஏதோ பிடித்திருக்கிறது. 15,000 எடுத்தான். நிகரம் 9,000, அதில் 2,700 டிடிஎஸ். கைக்கு வந்தது 12,300. அந்த 12,300 தான் அவனைக் கெடுத்தது. "ஒரு ராத்திரில பத்தாயிரம் வருதுக்கா" என்று அப்போது சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு மார்ச் வரை இன்னும் 31,000 போட்டு, 4,000 எடுத்திருக்கிறான். மொத்தம் போட்டது 37,000, எடுத்தது 19,000. ஆண்டு முழுக்கப் பார்த்தால் 18,000 நட்டம். போட்டதிலிருந்து ஜிஎஸ்டியாகப் போனது சுமார் 8,100. இதற்கு மேல், ஜெயித்தான் என்று பிடித்த 2,700 ரூபாய் வரி தனி.

ஆண்டின் முடிவில் நிகர வெற்றியே இல்லாதபோது அந்த 2,700 அவனுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். எப்படி வரும்? வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டும். எங்கள் தெருவில் ரிட்டர்ன் போடுகிறவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் ரயில்வேயில் இருக்கும் ஒருவரும்தான். ஊர்த்தெருவில் வீட்டுக்கு ஓர் ஆடிட்டர் பழக்கம் இருக்கும். நட்டத்தைக் காட்டி வரியைத் திரும்ப வாங்கத் தெரிந்த பையன் அங்கே உண்டு. எங்கள் பையன்களுக்கு டிடிஎஸ் என்ற மூன்று எழுத்து, ஆப்பின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. இப்படிக் கோரப்படாமல் கிடக்கும் பணம் ஒன்றிய அரசின் கருவூலத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நான் அவன் ரிட்டர்னை செப்டம்பர் முதல் வாரத்தில் ஏற்றினேன். அந்த வருடம் கெடு செப்டம்பர் வரை நீண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

தமிழ்நாடு அரசின் 2025 பிப்ரவரி விதிமுறைகளையும் சொல்ல வேண்டும். ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை விளையாடக் கூடாது. ஜூன் மாதம் உயர்நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. இது எனக்குப் பிடித்த விதி. ராத்திரி ஆர்டர் முடித்து வந்து படுக்கும் பையன்களின் கையில் போன் இருக்கும் நேரம் அதுதான். ஆனால் அவன் சொன்னான்: பதினொன்றே முக்காலுக்குக் கையெல்லாம் பரபரக்குமாம். பன்னிரண்டுக்குள் விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்று ஐந்நூறு ஐந்நூறாகப் போடுவானாம். விதி எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. விளையாடுகிறவர்களில் ஒருவரையாவது அந்த மேசையில் உட்கார வைத்திருந்தால் டெபாசிட்டுக்கு மட்டும் பத்து மணியோடு கதவை மூடு என்று சொல்லியிருப்பார்.

பட்டன் போன பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

வேலட்டில் இருந்த 2,340 ரூபாய் பெயர்த் திருத்தம், வங்கிக் கடிதம், மூன்று மின்னஞ்சல் என்று ஐந்து வாரம் கழித்து வந்தது. வந்தவரை சந்தோஷம். ஆனால் அந்த ஐந்து வாரத்தில் அவனுக்கு ஒரு டெலிகிராம் குழு கிடைத்திருந்தது. வெளிநாட்டு ஆப். பணம் போட ஒரு க்யூஆர் அனுப்புவார்கள். இன்றைக்கு ஒரு பெயர், நாளைக்கு வேறு பெயர். எல்லாம் தனி மனிதர்களின் சேமிப்புக் கணக்குகள். பெட்ரோல் போட்டதுபோல, மளிகை வாங்கியதுபோல யுபிஐயில் போய்விடும். வங்கிகளும் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் சூதாட்டப் பணத்தைத் தொடக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டமும் சொல்கிறது, ஒன்றியச் சட்டமும் சொல்கிறது. ஒன்றியச் சட்டத்தில் மீறினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆனால் க்யூஆருக்கு அந்தப் பக்கம் இருப்பது சூதாட்ட நிறுவனம் என்று எந்த வங்கிக்குத் தெரியும்? அங்கே இருப்பது யாரோ ஒரு கட்டடத் தொழிலாளியின் பெயர்.

அந்தப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்தால் சில ஆயிரம் ரூபாய் தருகிறோம் என்று ஒருவன் வருவான். வேலையில்லாத பையன், குழுக் கடன் கட்ட வேண்டிய அம்மா, யாரோ ஒருவர் கொடுப்பார்கள். பல லட்சம் அந்தக் கணக்கு வழியாக ஓடும். கடைசியில் போலீஸ் வரும்போது முதல் குற்றவாளி அந்தப் பாஸ்புக்குக்கு உரியவர். ஆப்பை நடத்துகிறவன் துபாயிலோ வேறெங்கோ இருப்பான். மலம் அள்ளும் குழிக்குள் இறங்குவதும், செத்த மாட்டைத் தூக்குவதும் யார் என்று பிறப்பு தீர்மானித்த நாட்டில், அழுக்குப் பணத்தைத் தன் பெயரில் சுமப்பதும் அதே கைகளிடம் வந்து சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆத்திரம் இருக்கிறது.

அக்டோபரில் சித்தி மகன் அந்த ஆப்பிலிருந்து 1,500 ரூபாய் எடுத்தான். வந்தது ஏதோ ஒரு வடமாநிலப் பெயரில் இருந்த கணக்கிலிருந்து. பத்து நாளில் அவன் கணக்கு முடங்கியது. அந்தப் பெயர்காரர் கணக்கில் வேறு யாரோ ஏமாந்த பணம் விழுந்திருக்கிறது. ஏமாந்தவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் கொடுத்திருக்கிறார். புகாரின் பின்னால் போலீஸ் பணம் போன கணக்குகளை அடுக்கடுக்காக முடக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த அடுக்கில் இவனும் ஒருவன். 1,500 ரூபாய்க்காக, அவன் வாராவாரம் கூலி வாங்கும் ஒரே கணக்கு மொத்தமாகப் பூட்டப்பட்டது.

வங்கிக்கு நானும் போனேன். எந்த வங்கி என்பது முக்கியமில்லை, எல்லாக் கவுண்டரிலும் இதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன். "மேலேர்ந்து வந்திருக்கு மேடம். அந்த ஸ்டேட் சைபர் கிரைம்ல போய்ப் பாருங்க." இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு காவல் நிலையத்துக்கு, வாரக் கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன் போய் நிற்க வேண்டும். புகாரில் சொன்ன தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடுங்கள் என்று கேரள உயர்நீதிமன்றம் 2023 இலேயே சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னேன். "கோர்ட் ஆர்டர் உங்க பேர்ல வாங்கிட்டு வாங்க" என்றார்கள். வழக்கறிஞர் வைத்து ஆர்டர் வாங்குகிறவர்களுக்குக் கணக்கு திறந்துகொண்டுதான் இருக்கிறது.

2025 சட்டம் விளையாடியவரைத் தண்டிக்கவில்லை. அவர் பாதிக்கப்பட்டவர் என்கிறது. நல்லது. நம் மாநிலச் சட்டம் இன்னும் மூன்று மாதச் சிறை அல்லது ஐயாயிரம் அபராதம் என்று எழுதி வைத்திருக்கிறது. அதை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எழுதாத தண்டனை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு இல்லை, வழக்கு எண் இல்லை, விளக்கம் கேட்கும் நோட்டீஸ் இல்லை. ஒரு காலைப்பொழுது கூலி வரும் கதவு மூடியிருக்கும்.

தடையே வேண்டாம் என்கிறாயா என்று ஒரு தோழர் கேட்டார். வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நாற்பத்தைந்து கோடிப் பேர் ஆண்டுக்கு இருபதாயிரம் கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்று ஒன்றிய அரசே கணக்குச் சொன்ன ஒரு தொழிலைத் திறந்து வைக்க எந்த நியாயமும் இல்லை. கிரிக்கெட் வீரர்கள் சட்டையில் அதை மாட்டிக்கொண்டு ஓடியதும், நம் நடிகர்கள் அதற்கு விளம்பரம் செய்ததும் வெட்கக்கேடு. என் கேள்வி, தடையின் எடை யார் தோளில் இறங்குகிறது என்பது.

தடைச் சட்டங்களின் வரலாற்றில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. மனுநீதியின் ஒன்பதாம் அத்தியாயம் அரசன் சூதாட்டத்தை நாட்டைவிட்டு ஒழிக்க வேண்டும் என்கிறது. ஆகா, மனுவே சொல்லியிருக்கிறார் என்று இதை மேடையில் எடுத்துவிட ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் முழுசாகப் படிக்க வேண்டும். சூதாடுகிறவர்களுக்கு உடல் தண்டனை கொடு என்று சொல்லும் அதே சுலோகத்தில், அதே தண்டனையை இருபிறப்பாளரின் அடையாளங்களைப் போட்டுக்கொள்ளும் சூத்திரனுக்கும் கொடு என்று இருக்கிறது. சூதாடியவனும் பூணூல் போட்ட சூத்திரனும் ஒரே பட்டியலில். மறுபக்கம், ஆரிய சமூகத்தில் சூது எவ்வளவு ஊறிக் கிடந்தது என்று அம்பேத்கர் எழுதியிருக்கிறார். கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று யுகங்களுக்குச் சொல்லும் பெயர்கள் பகடை ஆட்டத்தின் பெயர்கள் என்பதையும் அவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். அரண்மனையில் ஆடினால் இதிகாசம், தெருவில் ஆடினால் உடல் தண்டனை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தடை வந்த நாளில் வேலட்டில் இருந்த ஒவ்வொரு ரூபாயும், அது வந்த அதே கணக்குக்கு, யாரும் கேட்காமலே திரும்பிப் போக வேண்டும். போட்ட கணக்கு எது என்று நிறுவனத்துக்குத் தெரியும். அப்பா பெயர் எதற்கு? வருமான வரித் துறையிடம் எல்லா எண்களும் இருக்கின்றன. ஆண்டு நிகரம் நட்டம் என்று கணினிக்குத் தெரிந்தால் பிடித்த வரியைத் தானாகத் திருப்பட்டும். விளையாடிய பணத்தில் அரசு வாங்கிய ஜிஎஸ்டியின் ஒரு பகுதி, கந்துவட்டியில் மூழ்கிக் கிடக்கும் குடும்பங்களின் கடனுக்கும் அரசு மருத்துவமனைகளில் மீள்சிகிச்சைக்கும் போகட்டும். சில ஆயிரம் ரூபாய்க்காகக் கூலிக் கணக்கை முழுதாகப் பூட்டுவதை நிறுத்துங்கள். பாஸ்புக் கொடுத்த பையனைப் பிடித்த அன்றே வழக்கு முடிந்ததாகப் பத்திரிகைக்குப் புகைப்படம் கொடுக்காதீர்கள்.

ஒன்றியச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளைப் பல உயர்நீதிமன்றங்களிலிருந்து உச்ச நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டது. அங்கே மூத்த வழக்கறிஞர்கள் நிறுவனங்களுக்காகத் தொழில் உரிமை பற்றியும் திறமை பற்றியும் வாதாடுவார்கள். டெபாசிட் போட்டவர்கள் சார்பில் அங்கே யார் எழுந்து நிற்பார்கள் என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் சித்தி மகனின் 2,700 ரூபாய் ரீஃபண்ட் அனுமதியாகிவிட்டது என்று செய்தி வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் இன்னொரு செய்தி: பணம் செலுத்த முடியவில்லை, வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும். ரிட்டர்னில் கொடுத்திருந்தது அந்தப் பூட்டிய கணக்கு.

"அம்மா அக்கவுண்ட் குடுக்கலாமாக்கா?" என்று கேட்டான்.

கொடுக்க முடியாது. பான் கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் போகும். புதன்கிழமை தபால் அலுவலகத்தில் புதுக் கணக்கு தொடங்கக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த அம்மா படிவத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கடைசிப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது.